பெரியவர்கள் சொல்லும் நன்றி

பழக்காரம்மா அவளுடைய கையை விடவில்லை. இரண்டு பேரிக்காய்களைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பியவர்தான். அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்த நான்கு சொற்களை, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். பழக்காரம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு கடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இவளுக்குப் புரியாத மொழியில் மெதுவாக ஏதேதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. போகும்போது பையில் இன்னும் மூன்று பழங்களைத் திணித்தார். சாலைக்கு எதிர்ப்புறம் நின்று அவளுடைய கணவர் போனில் இதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் போன் ஆடியது.

"இந்த ஊர்க்காரங்க மாதிரி நான் பாத்ததே இல்லங்க" என்றாள், சாலையைத் தாண்டி வந்ததும். "ஒரு நன்றி சொன்னதுக்கு எப்படி உருகிப் போறாங்க பாருங்க."

"அதான் நான் சொன்னேன்ல. வெளிநாட்டுல மரியாதை தெரிஞ்சு நடந்துக்கிட்டா தலையில தூக்கி வெச்சுக்குவாங்க" என்றார் அவர்.

அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். ஒரு முழ அகல ஜன்னல். அதற்குள் நீளும் கைகளுக்கு, சீட்டைப் பார்த்து மாத்திரைகளை எடுத்துக் கொடுத்து, காலையில ஒண்ணு, மதியம் வேண்டாம், சாப்பிட்ட பிறகு ஒண்ணு என்று சொல்லியே தொண்டை கட்டிப் போனவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். மூன்று மாதம் முன்பு ஓய்வு பெற்றபோது சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். வெளிநாடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவளாக வாய் திறந்து கேட்ட இரண்டாவதோ மூன்றாவதோ விஷயம் அது.

கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்குப் பெயர் கலகல சார். எந்த விசேஷமானாலும் அவர் வந்துவிட்டால் கூட்டம் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடும். அவர் சொல்லும் கதைகளில் முக்கால்வாசி மனைவியைப் பற்றியவை. அவள் உப்புக்குப் பதில் சோடா உப்பைப் போட்டது, லிஃப்டில் கண்ணாடியைப் பார்த்து வேறு யாரோ என்று நகர்ந்து வழிவிட்டது. அவள் கையில் காபித் தட்டோடு ஓரமாக நின்று, எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை தானும் சிரிப்பாள். கதையில் பாதி நடக்காதது என்று சொல்ல அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. சொன்னால் அது இன்னொரு கதையாகிவிடும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவர் அவளுக்குப் பாடம் நடத்தினார். அங்கே சத்தமாகப் பேசக்கூடாது. வரிசையில் முன்னால் நிற்பவரை உரசக்கூடாது. ஏப்பம் விடக்கூடாது. தெரியாதவர்களை உற்றுப் பார்க்கக்கூடாது. எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனாலும் விமான நிலையத்தில் இறங்கியதுமே கழிப்பறையில் தொங்கிய சிவப்புக் கயிற்றைத் தண்ணீர் விடும் கயிறு என்று நினைத்து இழுத்துவிட்டாள். மணி அலறி, மூன்று பெண்கள் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். அவள் வெளியே வந்து அவர்களைத் திரும்பத் திரும்பக் கும்பிட்டாள். அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அந்த நிமிஷம்தான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

அன்று மாலை விடுதி அறையில் போனை வைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். "ரொம்ப நன்றி, நீங்க நல்லா இருக்கணும்னு அர்த்தம். யாரு உனக்கு எது செஞ்சாலும் இதைச் சொல்லு." அவள் அதைத் தமிழ் எழுத்தில் துண்டுச் சீட்டில் எழுதி, குளியலறைக் கண்ணாடி முன் நின்று பத்து இருபது தடவை சொல்லிப் பார்த்தாள். உச்சரிப்பு சரியா என்று அவரிடம் இரண்டு முறை கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. அந்த வாக்கியத்துக்கு அர்த்தம், என் கணவர் இறந்துவிட்டார் என்பது.

பேருந்து ஓட்டுநரிடம் சொன்னாள். அவர் இறங்கி வந்து அவளுடைய பெட்டியைத் தூக்கிவைத்தார். அருங்காட்சியக வாசலில் இருந்த கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ரொட்டிக் கடையில் இருந்த இளம்பெண் அவளைக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவிவிட்டாள். அந்தத் தடவலை அவள் அன்று முழுதும் முதுகில் வைத்திருந்தாள். இங்கே எல்லோரும் கொடுக்கும்போது கண்ணைப் பார்க்கிறார்கள், நாம்தான் கைகளை மட்டும் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். ஊருக்குப் போனதும் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய், தன் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், நிமிர்ந்து பாத்துக் குடும்மா என்று சொல்ல வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு சந்தேகம் வந்தது. "ஏங்க, மத்தவங்கல்லாம் நன்றிக்குச் சின்னதா வேற என்னமோ சொல்றாங்களே."

"அது சின்னப் பசங்க சொல்றது. நீ சொல்றது பெரியவங்க சொல்ற நன்றி. அதுக்குத்தான் மதிப்பு" என்றார் அவர், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

ஐந்தாம் நாள், அதாவது கடைசி நாள் காலை, அவர் அறையில் இருக்க, அவள் முன்னதாகச் சாப்பிட இறங்கி வந்தாள். விடுதிக்காரம்மா தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். இவள் எழுந்து நின்று வழக்கம்போல நன்றி சொன்னாள். விடுதிக்காரம்மா போகவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் போனில் ஏதோ பேசி, அதை மேஜைமேல் இவள் பக்கமாக நகர்த்தினார். போன், செய்தி வாசிப்பதைப் போன்ற தமிழில் சொன்னது:

"உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று தினமும் கூறுகிறீர்கள். மேலே உங்கள் அறையில் இருக்கும் ஆண் யார்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. போன் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்தாள். துண்டுச் சீட்டை எடுத்து, அதில் இருந்ததை மெல்லப் படித்துக்காட்டினாள். விடுதிக்காரம்மா தலையசைத்தார். போன் மறுபடியும் சொன்னது. என் கணவர் இறந்துவிட்டார்.

அவள் சீட்டை நான்காக மடித்தாள். "தப்பா கத்துக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றாள். போன் அதைச் சொன்னதும் விடுதிக்காரம்மாவின் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் அறைக்குப் போகும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உண்மையான நன்றியைச் சொல்லிக்கொடுத்தார். ஒரே சொல். இரண்டு அசை. குழந்தைக்குக்கூட வாயில் நுழையும்.

அறைக்குத் திரும்பியபோது கணவர் குளித்துக்கொண்டிருந்தார். போன் கட்டிலில் கிடந்தது. அதை அவள் எடுப்பது வழக்கமில்லை. வாட்ஸ்அப்பில் 'விதவையின் உலகச் சுற்றுலா' என்று ஒரு குழு இருந்தது. நாற்பத்து மூன்று பேர். அவருடைய தம்பிகள், தம்பி மனைவிகள், பழைய அலுவலக நண்பர்கள், மாடி வீட்டுக்காரர். பதினொரு படங்கள், பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்று வரிசையாக. ரொட்டிக் கடைப் பெண் அவளைக் கட்டிக்கொண்டதற்குக் கீழே அவளுடைய கொழுந்தன், அண்ணி நடிப்புக்கு அவார்டு குடுக்கலாம் என்று எழுதியிருந்தார். அவளுடைய மகள், பாவம்ப்பா அம்மா என்று எழுதி, பக்கத்திலேயே விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்கள் ஆறைப் போட்டிருந்தாள். அவள் அந்த முகங்களை எண்ணினாள். பாவம் என்ற சொல்லை விட்டிருக்கலாம் என்று தோன்றியது. யாரோ, அண்ணிக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். அவர் பதில் போட்டிருந்தார்: நாளைக்குப் படகில் சொல்லப்போறேன். அப்ப அவ மூஞ்சியைப் பாக்கணும். அதுதான் கடைசி பாகம்.

போனை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தாள். ஏமாந்தது பெரிதாக வலிக்கவில்லை. அது பழகிப்போன வலி. பிடித்த கைகள், கழற்றிய தொப்பி, முதுகைத் தடவிய உள்ளங்கை எல்லாம் ஒரு சாவுக்கு வந்தவை, தனக்கு வந்தவை அல்ல என்பதுதான் எங்கோ அடியில் போய்க் குத்தியது. அவர் குளியலறையிலிருந்து பாடிக்கொண்டே வந்தார். "சீக்கிரம் கிளம்பு. இன்னிக்கு ஏரியில படகு. நல்ல புடவையா கட்டிக்க" என்றார்.

ஏரியைச் சுற்றி மூன்று துறைகளில் நின்று திரும்பும் படகு அது. இருபது பேர் இருந்தார்கள், எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பருத்த அம்மாள் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். கணவர் எதிரே உட்கார்ந்து, போனை நிமிர்த்திப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தா, இங்க பாரு. அஞ்சு நாளா நீ எல்லார்கிட்டயும் என்ன சொல்லிட்டுத் திரிஞ்சேன்னு தெரியுமா?"

"என்ன சொன்னேன்?"

"என் புருஷன் செத்துட்டாருன்னு சொல்லியிருக்க. நன்றின்னு நெனச்சுக்கிட்டு."

அவர் காத்திருந்தார். அவள் வாயைப் பிளப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், அட என்னங்க இது என்று அவர் தோளில் குத்துவாள், நாற்பத்து மூன்று பேரும் விழுந்து சிரிப்பார்கள்.

"சரி" என்றாள்.

"என்ன சரி? கொஞ்சமாவது அதிர்ச்சி ஆகு. இரு, மறுபடியும் எடுக்கறேன். வாயைத் திற."

அவள் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் திரும்பினாள். அந்த நான்கு சொற்களையும் சொன்னாள். அர்த்தம் தெரிந்து சொன்னது அதுதான் முதல் தடவை. மூன்றாவது சொல்லில் குரல் உடைந்தது. அழவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, அது தானாகவே வந்தது. வந்த பிறகு நிறுத்த வழி தெரியவில்லை. பின்னல் மடியில் விழ, அந்த அம்மாள் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அய்யோ, மறுபடியும் சொல்றா பாருங்க" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனை அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்தார். படகில் வேறு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி அவருக்குக் கேட்கச் சற்று நேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டு கிழிக்கும் பெண் வந்து போனைக் கையால் மறைத்தாள்.

"புருஷன், புருஷன்" என்று அவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். யாருக்கும் புரியவில்லை. அவசரமாகத் தன் போனில் தமிழில் பேசினார்: "நான்தான் அந்தச் செத்துப்போன புருஷன். சும்மா தமாஷ்." போன் அதை அந்த ஊர் மொழியில், தெளிவாக, சத்தமாக, படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னது. ஒரு கிழவர் எழுந்து நின்றுவிட்டார்.

சீட்டுப் பெண் தன் போனை அவளிடம் நீட்டினாள். "இந்த ஆணை உங்களுக்குத் தெரியுமா?" என்றது போன்.

அவள் அவரைப் பார்த்தாள். "சொல்லுடி. விளையாட்டு போதும், சொல்லு" என்றார் அவர். உதட்டில் இன்னும் பாதிச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரக்கண்ணால் எல்லோரையும் பார்த்தார். தன் கதைக்குச் சிரிக்காத கூட்டத்தின் நடுவில் அவர் நின்றதை அவள் பார்த்ததே இல்லை.

தெரியும் என்று சொல்லலாமா என்று உண்மையிலேயே யோசித்தாள்.

"எங்க ஊர்க்காரர்" என்றாள். "அஞ்சு நாளா என் பின்னாலயே வந்து என்னைப் படம் எடுக்கறாரு. வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெரியல."

அதில் பொய் எதுவும் இல்லை. படகு ஓட்டுபவர் வந்து அவருடைய போனை வாங்கிப் பார்த்தார். அவள் சாப்பிடுவது, அவள் பேருந்தில் வாயைத் திறந்தபடி தூங்குவது, யார் யாரோ அவளைக் கட்டிக்கொண்டு அழுவது. வேகமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு அருவருப்போடு திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது துறை நெருங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரை ஒன்று, பெஞ்சு ஒன்று, அதற்குப் பின்னால் வெறும் புல்வெளி. இரண்டு ஆட்கள் அவருக்கு இருபுறமும் வந்து நின்றார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. அவராகத்தான் இறங்கினார்.

"பாஸ்போர்ட் உன் பையில இருக்குடி" என்று கரையிலிருந்து கத்தினார். "ஏய், பாஸ்போர்ட்."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். சீட்டுப் பெண் ஏதோ கேட்டாள். அவள் தலையை ஆட்டி, காலையில் கற்ற ஒற்றைச் சொல்லைச் சொன்னாள். சீட்டுப் பெண் லேசாகச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

படகு விலகியது. அவர் துறையின் விளிம்புவரை ஓடிவந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். பெஞ்சில் அடுத்த படகுக்காகக் காத்திருந்த ஒரு குடும்பம், மழைக்கோட்டுப் போட்ட இரண்டு குழந்தைகளோடு, அவர் யாரையோ வழியனுப்புகிறார் என்று நினைத்து, மரியாதைக்கு எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று தாங்களும் கையசைத்தார்கள். அதைப் பார்த்துப் படகின் ஓரத்தில் இருந்தவர்கள் குழந்தைகளுக்காகத் திருப்பிக் கையசைத்தார்கள். பின்னல்கார அம்மாளும் அசைத்தார். அவளுடைய கையும் எப்போது உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கரையில் அவர் குதித்துக் குதித்துக் கத்தினார். சத்தம் இங்கே வரவில்லை. சின்னக் குழந்தை அவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதேபோல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, தானும் குதிக்கத் தொடங்கியது.