சோதித்தவர்: டிக்சன்

"இதைப் பயன்படுத்துபவர் யாரும் இல்லை. நீக்கிவிடலாம்."

ஸ்டீவன் அண்ணன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பச்சை டிக் வேறு. அந்த டிக்குக்குக் கீழே ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வரிகள் சிவப்பாகக் கிடந்தன. நீக்கப்பட்ட வரிகளை, நிரல் வைத்திருக்கும் தளம் சிவப்பில்தான் காட்டும். அத்தனையும் நான் எழுதியவை.

சனிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் லீவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, போன வாரம் நான் அனுப்பிய சின்னத் திருத்தம் ஏன் "இனி தேவையில்லை" என்று திரும்பி வந்தது எனத் தேடப் போய்த்தான் இது கண்ணில் பட்டது. டீ ஆறிப்போனது.

சில்வண்டு என்பது கணினியில் பாட்டுக் கேட்கும் ஒரு செயலி. யாருக்கும் சொந்தமானதல்ல. அதன் நிரல் ஊரறியத் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். வருகிற திருத்தத்தைப் பார்த்து, சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய மூன்று பொறுப்பாளர்கள். இரண்டு பேர் எங்கோ குளிர்நாட்டில் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் எங்கள் மலையிலேயே, நாயுடுபுரத்தில். என் அண்ணன் டிக்சனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஸ்டீவன் அண்ணன்தான் அது. வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் சில்வண்டோடு கிடப்பார்.

டிக்சன் அண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணில் வந்த வியாதி பார்வையை முழுசாகக் கொண்டுபோய்விட்டது. இப்போது செண்பகனூர் கோவில் பாடகர் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறான், நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறான். அவனிடம் மூவாயிரம் பாட்டுக்கு மேல் கணினியில் இருந்தது. ஆனால் ஒரு பாட்டைத் தேடிப் போட என்னைத்தான் கூப்பிட வேண்டும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவனிடம் இருந்தாலும், சில்வண்டு அதனிடம் வாயே திறக்காது. அந்த மென்பொருள் எல்லாப் பொத்தானையும் "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் சொல்லும்.

நான் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஆறாம் வகுப்புக்கு எழுத்துரு மாற்றக் கற்றுக்கொடுக்கிற அளவுதான் என் வீரம். அண்ணனுக்காக உட்கார்ந்து நிரல் எழுதப் பழகினேன். இரண்டு வருஷம். ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வைத்தேன். தமிழ்ப் பாட்டின் பெயரைத் தமிழாகவே வாசிக்க வைத்தேன். பாட்டு ஓடும்போது குரல் குறுக்கே பேசினால் அண்ணனுக்குப் பிடிக்காது. "பாடுறவன் மூச்சு விடுற எடத்துல பேரச் சொல்லச் சொல்லு" என்றான். இது என்ன கூத்து என்று திட்டிக்கொண்டே, சத்தம் தணிகிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே பேசும்படி செய்தேன். அதற்கு மட்டும் நாலு மாதம் ஆனது.

திருத்தம் அனுப்பும்போது கடைசியில் ஒரு வரி போடுவது அங்கே வழக்கம்: இதைச் சோதித்துப் பார்த்தவர் யார் என்று. என் திருத்தம் எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கும். "சோதித்தவர்: டிக்சன்." நாற்பத்தொரு தடவை எழுதியிருக்கிறேன். நான் எழுதி முடித்ததும் ஹெட்போனை அவனிடம் நீட்டுவேன். அவன் கேட்டுவிட்டு "சூப்பர் ஆக்ஸிலி, அனுப்பு" என்பான். அதற்குப் பிறகுதான் அனுப்புவேன்.

அதைத்தான் ஆளே இல்லை என்று தூக்கிவிட்டார்கள். எழுதியது யார்? மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடுகிற ஆள்.

அண்ணன் அப்போது கீபோர்டு வகுப்பில் இருந்தான். அவனிடம் ஒன்றும் சொல்லாமல், என் ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினேன். சீசன் முடிந்தும் ரோட்டில் வண்டிகள் குறையவில்லை. மூஞ்சிக்கல்லில் பஸ் அரைமணி நேரம் நின்றது. அந்த அரைமணியும் அவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீவன் அண்ணன் குல்லாயைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"வா ஆக்ஸிலியா. உள்ள வா. காபி போடச் சொல்லவா?"

"காபியெல்லாம் வேணாங்க. யாரும் யூஸ் பண்ணலன்னு எழுதியிருக்கீங்களே, எங்க அண்ணன் மனுசனா தெரியலயா ஒங்களுக்கு?"

"அப்படி இல்லம்மா. புது டிசைன் வருது. பழசுல நீ செஞ்சத அப்படியே தூக்கி இதுல வைக்க முடியாது. திரும்ப எழுதணும். வெளியிடத் தேதி குறிச்சாச்சு. மத்த ரெண்டு பேரும், இத யாராவது யூஸ் பண்றாங்களான்னு கேட்டாங்க."

"நீங்க இல்லன்னீங்க."

"எனக்குத் தெரிஞ்சு ஒரே ஆள்தான்."

"அந்த ஒரு ஆள் வீட்டுலதான ஒக்காந்து சாப்புடுறீங்க? நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்களேண்ணே."

அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீ டிக்சன்ட்ட கேட்டியா?" என்றார்.

"அவன்ட்ட என்ன கேக்க?"

"கேட்டுட்டு வா. அப்புறம் என்னைத் திட்டு."

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. தூறலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அண்ணன் முன்னறையில் தனியாக இருந்தான். நான் மெல்லக் கதவைத் தள்ளியது அவனுக்குக் கேட்கவில்லை. கட்டிலில் சாய்ந்து, நெஞ்சின் மேல் போனை வைத்துக்கொண்டு, அதனிடம் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னான். போன் அந்தப் பாட்டைப் பாடியது. பாதியில் வேறு பெயர் சொன்னான். அதையும் பாடியது. மூலையில் கணினி உறை போட்டு மூடிக் கிடந்தது.

அந்தப் போன் போன வருஷம் ஆகஸ்டில் ஸ்டீவன் அண்ணன் கொடுத்தது. பேசுவதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். போனைக் கொடுத்தவரும் அவர், ஆள் இல்லை என்று எழுதியவரும் அவர்.

"எத்தன நாளா?" என்றேன்.

அவன் துள்ளி எழுந்து உட்கார்ந்தான். "ஆக்ஸிலி? வண்டிச் சத்தமே கேக்கலயே."

"வண்டி எடுக்கல. எத்தன நாளாண்ணே?"

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தவே அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"போன் வந்ததுல இருந்து" என்றான். "பேரச் சொன்னா பாடுது. ரொம்பச் சுளுவா கெடக்கு."

"சாயங்காலம் நான் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாலதான இருப்ப?"

"ஒன் வண்டி வளைவுல திரும்புற சத்தம் கேட்டதும் போய் ஒக்காந்துக்குவேன்."

பத்து மாதம். ஒவ்வொரு சாயங்காலமும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சில்வண்டின் குரல் கேட்கும். அன்றைய அலுப்பெல்லாம் அந்தக் குரலில்தான் போகும். அது எனக்காகப் போட்ட நாடகம் என்று தெரிந்தபோது, கத்தக்கூடத் தோன்றவில்லை.

"ஏன் சொல்லல?"

"ஸ்கூல் விட்டு வந்து சாப்புடக்கூட இல்லாம அதத் தட்டிக்கிட்டு இருப்ப. எனக்காகச் செய்றத வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"என்ட்ட சொல்ல முடியல. அவர்ட்ட மட்டும் எடுத்துருன்னு சொல்ல முடிஞ்சுச்சா?"

"நீ யூஸ் பண்றியான்னு அவன் கேட்டான்ல. நான் பொய் சொல்லலாமா?"

அவனுக்கே தான் சொன்னது உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுதது அவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் அழுதேன்.

மறுநாள் ஞாயிறு. வழக்கமாக நான்தான் அவன் கையைப் பிடித்துக் கோவிலுக்குக் கூட்டிப்போவேன். அன்று ஸ்டீவன் அண்ணன் வந்து கூட்டிப்போனார். இரண்டு பேரும் படியிறங்கிப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். முதல் பூசைக்கு நான் வெள்ளனே தனியாகப் போய் வந்துவிட்டேன். மீன் வாங்கவில்லை.

கொஞ்சம் ஆறியதும் எனக்கே ஒன்று தோன்றியது. ஸ்டீவன் அண்ணன் எழுதியதில் பொய் என்ன இருக்கிறது? சில்வண்டுக்கு ஒரு பெருமை உண்டு. கேட்பவர் யார், என்ன கேட்கிறார் என்று எந்தத் தகவலையும் அது யாருக்கும் அனுப்பாது, உளவு பார்க்காது. அதனால் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று செய்தவர்களுக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் என் அண்ணன். அவனும் இல்லை என்றால், யாரும் இல்லைதான். இரண்டு வருஷம் நான் ஆள் இல்லாத வீட்டுக்கு விளக்கேற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்து, அந்தத் தளத்தில் இருந்த என் கணக்கையே மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில், அதை மூடுவதற்காக சில்வண்டின் பக்கத்தைத் திறந்தேன். குறைகள் எழுதும் இடத்தில் தமிழில் ஒரு கடிதம் இருந்தது. அந்த இடத்தில் நான் பார்த்த முதல் தமிழ் அதுதான்.

"நான் வடிவு. பெரியகுளத்தில் பாட்டு டீச்சர். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. ஒன்றரை வருஷமாக வகுப்பில் பாட்டுப் போட சில்வண்டுதான் வைத்திருக்கிறேன். இன்று காலை புதிய பதிப்பு தானாக ஏறிவிட்டது. ஏறியதும் ஊமையாகிவிட்டது. பிள்ளைகள் முன்னால் பத்து நிமிஷம் கீபோர்டைத் தட்டிக்கொண்டு நின்றேன். யார் பார்த்த வேலை இது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன தீபாவளிக்கு வந்த பதிப்பிலிருந்தே பாட்டுப் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசிக்கிறது. சோதித்துத்தானே அனுப்பியிருப்பார்கள், என் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று பொறுத்துக்கொண்டேன். பாடுபவர் மூச்சு விடும் இடம் பார்த்துப் பெயரைச் சொல்ல வைத்தவர் யார் என்று தெரியவில்லை. நிச்சயம் அவருக்குப் பாடத் தெரிந்திருக்கும். அதையும் எடுத்துவிட்டீர்களே."

மூன்று தடவை படித்தேன். பிறகு தீபாவளிக்கு அனுப்பிய திருத்தத்தை எடுத்துப் பார்த்தேன். பட்டியலை வாசிக்கும் பகுதி. கடைசியில் என் கையால் எழுதிய வரி: சோதித்தவர்: டிக்சன். அன்று ஹெட்போனை மாட்டி ஒரு நிமிஷத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டான். சூப்பர் என்றான். பட்டியல் பக்கத்தைத் திறந்திருந்தால், முதல் பாட்டுக்குப் பதில் கடைசிப் பாட்டைச் சொல்வது யாருக்கும் கேட்டிருக்கும். அவன் திறக்கவே இல்லை.

வடிவு டீச்சருக்குப் பதில் எழுதினேன். நான்தான் செய்தேன், திரும்பச் செய்து தருகிறேன், நீங்கள் கேட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று. கடைசி மணி அடிப்பதற்குள் பதில் வந்தது: "அனுப்புங்க. தப்பு இருந்தா தப்புன்னுதான் சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது."

கீழேயே ஸ்டீவன் அண்ணனும் எழுதியிருந்தார்: "மன்னிக்கவும், எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது." எங்களுக்காம்! அந்த 'எங்களுக்கு' யார் யார் என்று நான் கேட்கவில்லை. புதிய திருத்தம் ஒன்றைத் தொடங்கி, சரிபார்க்க வேண்டியவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். எடுக்கலாம் என்று டிக் போட்ட அதே கை, சேர்க்கலாம் என்றும் போடட்டும்.

ஆறு நாள் ஆனது. டீச்சர் நான்கு தடவை தப்பு என்று திருப்பி அனுப்பினார். நாலாவது தடவை எனக்குக் கோபம் வந்து, பிறகு சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "பட்டியல் இப்போது மேலிருந்து கீழே வாசிக்கிறது. சரியாக இருக்கிறது" என்று எழுதினார்.

அந்த ஆறு நாளும் அண்ணனோடு சாப்பாடு, தண்ணி என்பதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அந்த மத்தியானம் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேண்டுமென்றே டீச்சரின் முதல் கடிதத்தை அவனுக்கு உரக்க வாசித்தேன். தீபாவளி பற்றிய வரி வந்ததும் அவன் விரல்கள் மடியில் அசையாமல் நின்றுவிட்டன. மூச்சு விடும் இடம் வந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அந்த எடத்தக் கவனிச்சிருக்காங்களா?" என்றான்.

"கவனிச்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் கழித்து, பழக்கத்தில் நீட்டுவது போல என் பக்கம் கையை நீட்டினான். "ஹெட்போனக் குடு. இந்தவாட்டி ஒழுங்காக் கேக்குறேன். முழுசாக் கேக்குறேன், ஆக்ஸிலி."

அந்தக் கை காற்றில் அப்படியே நின்றது. கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது எனக்கு. அவன் சூப்பர் என்றால் அதை இனி எப்படி நம்புவது என்பதும் இருந்தது.

"வேணாண்ணே" என்றேன். "கேட்டுச் சொல்ல ஆள் இருக்கு."

கையை மடக்கிக்கொண்டான். நான் கடைசி வரியில் டிக்சன் என்று பாதி எழுதியிருந்ததை அழித்துவிட்டு, வடிவு என்று எழுதி அனுப்பினேன்.