சுல்பிகா படித்துவிட்ட மரண சாசனம்

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு முறையாகக் கிடைத்ததல்ல. கல்முனையில் காணி உறுதிகளும் மரண சாசனங்களும் எழுதிக்கொடுக்கும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் வேலை பார்க்கும் சுல்பிகா, வெளியே கதைக்கக்கூடாத ஒன்றை என்னிடம் கதைத்துவிட்டாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்ற மனம் வரவில்லை.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் கொண்டுபோன உறுதிகளை நினைத்து நொத்தாரிசு மீராசாஹிபு...' (வேண்டாம். சுனாமியில் தொடங்கினால் கதை கரையேறாது.)

சுருக்கமாகச் சொல்கிறேன். கடலுக்குத் தப்பி மிச்சமிருக்கும் ஆவணங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கிளவுட்டில் ஏற்றும்படி நொத்தாரிசு அவளிடம் சொன்னார். மரண சாசனங்களை மட்டும் படிக்கக்கூடாது. ஆனால் எழுத்துத் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிக்காமல் எப்படிப் பார்ப்பது என்று அந்த மனிதருக்குத் தோன்றவேயில்லை.

3
அப்படிப் பார்த்ததில்தான் மசூரின் சாசனம் கண்ணில் பட்டது.

மசூருக்கு மாவடிப்பள்ளியில் வயல். இருபது வருசத்துக்கு முன்னால் அவனுக்கும் சுல்பிகாவுக்கும் கலியாணம் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் அவள் பேருக்கு ஒரு வீட்டை எழுதிக்கொடுத்த பிறகுதான் நிக்காஹ். சுல்பிகாவுக்கு எழுத இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. அவனுடைய உம்மா கலியாணப் பேச்சை நிறுத்திவிட்டார். அவன் உம்மாவை எதிர்க்கவுமில்லை, வேறு பெண்ணைக் கட்டவுமில்லை. (கோழை என்று முதலில் எழுதினேன். சுல்பிகா அந்தச் சொல்லை வெட்டச் சொன்னாள்.) அவளும் தனியாகத்தான் இருக்கிறாள்.

மூன்றாம் பக்கத்தில் இருந்தது: 'நான் கட்டிய வீடும் வளவும் என் மரணத்தின் பின் சுல்பிகாவுக்கே சேரும்.'

அவளுக்கு வீடு தேவைப்படவில்லை. அவன்தான் வேண்டியிருந்தது. அந்த ஆசையை இருபது வருசம் அடக்கி வைத்திருந்தவள், மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

4
கிளவுட்டில் வைக்கச் சம்மதம் என்று ஒப்பமிட மசூர் வந்தான். நொத்தாரிசு ஒரு வழக்குக்காகக் கோட்டுக்குப் போயிருந்தார். படித்ததாகச் சொன்னால் அவளுடைய வேலை போகும். சொல்லாவிட்டால், அவன் மவுத்தான பிறகுதான் அந்த வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைக்கலாம்.

ஒப்பமிட்டுவிட்டு அவன் கேட்டான்.

"வாசிச்சியா புள்ள?"

"எழுத்தெல்லாம் தெளிவா விழுந்திருக்கு."

அவன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

'சுல்பிகா, அந்த வீட்டுக்கு இப்பவே...' (இது நான் அவன் வாயில் வைத்தது. அவன் சொன்னானா என்று கேட்டேன். சுல்பிகா பேச்சை மாற்றிவிட்டாள்.)

5
மரண சாசனத்தில் ஒப்பமிடும் சாட்சிகள் இருவரும் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சாசனத்துக்குச் சாட்சியாகிவிட்ட நானும் நீங்களும் படித்துவிட்டோம். மசூர் இன்னும் அந்தக் கதிரையில்தான் இருக்கிறான். அவனை ஒன்றும் சொல்லாமல் எழுப்பி அனுப்புவதென்றால் நீங்களே அனுப்புங்கள். என்னால் ஆகாது.