ஓட்டைக்கு எடை ஏது?

கிங்ஸ்டனுக்கு வாய் கொஞ்சம் முந்திரிக்கொட்டை. எதிராளி கேட்டு முடிக்குமுன் விலை சொல்லிவிடுவார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுகளுக்கு இரும்புத் தட்டும் சட்டமும் அடித்துக் கொடுக்கிற பட்டறைக்காரருக்கு அதில் பெரிய ஆபத்தும் இல்லை. கேட்டோ கிரில்லோ, எல்லாம் கிலோக் கணக்குதான். மிச்சத்தைத் தராசு பார்த்துக்கொள்ளும்.

கோயம்புத்தூரில் பாகங்களைப் பூட்டிக் கம்ப்யூட்டர் செய்து விற்கிற இராமச்சந்திரன் வந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. தானே வரைந்த மாதிரியில் கம்ப்யூட்டர் கேஸ் பதினைந்து வேண்டும் என்றார் அவர். இரும்புக் கூடு, முன்பக்கம் முழுக்கக் காற்றுக்குப் பொடிப்பொடி ஓட்டைகள். கிலோ இருநூற்று இருபது என்று சொல்லிவிட்டார் கிங்ஸ்டன். வந்தவர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் சந்தோஷமாகக் கை கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தாவது மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும்.

பட்டறை வாடகையே அப்போது ததிங்கிணத்தோம். இந்த வேலையில் நாலு காசு நிற்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு, தூத்துக்குடியில் மச்சான் எபநேசரின் பட்டறைக்குக் கூலிக்குப் போவது என்று பேச்சாகியிருந்தது. மச்சான் நல்லவர்தான். ஆனாலும் சனிக்கிழமை தோறும் அவர் முன்னால் சம்பளத்துக்கு நிற்பதை நினைத்தால் கிங்ஸ்டனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஓட்டை குத்துவதற்குப் பிரஸ்ஸில் மாட்டத் தனியாக ஒரு அச்சு, டை என்பார்கள், வேண்டியிருந்தது. பதினைந்து கூட்டுக்கும் அதே டைதான், பதினைந்தாயிரத்துக்கும் அதே டைதான். செய்தவர் ஆறாயிரம் வாங்கினார். பெயிண்ட் அடிப்பவரோ, கேட்ட சாம்பல் நிறத்தை ஏற்றுவதற்கு மெஷினில் இருக்கிற பழைய நிறத்தை முழுக்கத் துடைத்தாக வேண்டும், பதினைந்து அடித்தாலும் நூறு அடித்தாலும் அந்தப் பாடு ஒன்றுதான் என்று எட்டாயிரம் கேட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். அடிமடியில் கைவைத்தது அந்த ஓட்டைகள்தான். குத்தக் குத்தத் தகடு இளைத்தது, தகடு இளைக்க இளைக்க விலையும் இளைத்தது. வேர்க்க வேர்க்க நின்று தன் கூலியைத் தானே குத்தித் தள்ளிக்கொண்டிருப்பது கிங்ஸ்டனுக்குப் பாதி வேலைக்கு மேல்தான் உறைத்தது. மனைவி அஞ்சலின் முதல் கூட்டிலேயே இதைச் சொன்னாள். சொன்ன சொல்லை மாற்ற முடியுமா என்று அவள் வாயை அடைத்துவிட்டார். இப்போது அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

சரக்கெடுக்க இராமச்சந்திரன் வேனோடு வந்தார். பதினைந்தையும் தராசில் ஏற்றினார்கள். அறுபத்தொரு கிலோ, பதிமூவாயிரத்துச் சொச்சம். டைக்கும் பெயிண்டுக்குமே அது காணாது. அவர் பணம் அனுப்பப் போனை எடுத்தார். கிங்ஸ்டன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அஞ்சலின் உள்ளேயிருந்து ஒரு சாக்கை இழுத்துவந்து தராசில் வைத்தாள். என்ன அது என்று கேட்டார் இராமச்சந்திரன்.

"நீங்க கேட்ட ஓட்டை சார். இவிய ஒவ்வொண்ணா குத்தி எடுத்தாவ. இதுக்கும் சேத்துத்தான தகடு வாங்குனோம், இதையும் போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கை நிறைய பொட்டுப் பொட்டாக இரும்பு. சிரிப்பு அடங்கியது. சாக்குக்கும் அதே விலை போட்டு அனுப்பினார். அப்புறம், இன்னும் நாற்பது வேண்டும், இதே கிலோக் கணக்கில் செய்யலாமா என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல்தடவையாகக் கிங்ஸ்டன் உடனே பதில் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னார்:

"கிலோ பேச்சு இனி வேண்டாம் சார். ஒண்ணு ஆயிரத்தி எண்ணூறு. டைக்கு அழுதாச்சு, அது இங்கனதான் கெடக்கு. நாப்பதும் ஒரே நிறம்னா பெயிண்டும் கட்டுபடியாகும். திரும்பப் பதினஞ்சுன்னா இந்த வெலைக்கு என்னால ஏலாது."

இராமச்சந்திரன் ஒத்துக்கொண்டார். பாதிப் பணம் முன்பணமாக வந்தது. போன நட்டம் போனதுதான். ஆனால் எபநேசருக்குப் போன் போட்டு, வரவில்லை மச்சான் என்று சொன்னபோது கிங்ஸ்டனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

மறுநாள் நாகலாபுரத்திலிருந்து மந்திரமூர்த்தி என்பவர் வீட்டுக்குக் கேட் செய்யக் கேட்டு வந்தார். கிலோ என்ன விலை என்றார். கிங்ஸ்டன் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"மொதல்ல இதைச் சொல்லுங்க அண்ணாச்சி. கேட்டுல ஓட்டை எத்தனை?"