பாக்கி ஒன்பது நிமிடம்

நெய்யாற்றின்கரையைக் கலைநகரம் என்று அரசு அறிவித்த வருடம், விழா மேடையில் கதை சொல்ல ஆனந்தபாய்க்குப் பத்து நிமிடம் கிடைத்தது. சபைப் பெருவிழாக்களில் சப்ளாக்கட்டை தட்டிக் கதை சொல்லி வந்தவளுக்கு அதுதான் முதல் சர்க்கார் மேடை. அம்பூரியில் மகள் வீட்டில் தங்கி, பைபிளில் வரும் ரூத்தின் கதையைப் பத்து நிமிடத்துக்குச் சுருக்கி, ரப்பர் மரங்களுக்குச் சொல்லிப் பழகினாள்.

அவளுடைய ஊரான பாறசாலையில் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. வாசகசாலைச் செயலாளர் வேதமணி, ஜங்ஷனில் அவளை வாழ்த்தி ஒரு போர்டு வைக்க நினைத்தார். களியக்காவிளைப் பெயின்டர் பரமசிவனிடம் போட்டோவைக் கொடுத்து, "கீழ மலையாளத்துல மரியாதையா ஒரு வார்த்தை போடுடே" என்றார். பிறகு காய்ச்சலில் படுத்துவிட்டார். பரமசிவன் மலையாள எழுத்தைப் பார்த்து வரைவான், அர்த்தம் தெரியாது. ஜங்ஷனில் பெரிய படங்களுக்குக் கீழே எப்போதும் ஒரே சொல்தான் இருக்கும். அதையே அழகாக எழுதி, விழாவன்று விடியலில் தானே கட்டிவிட்டும் போனான். 'ஆதராஞ்சலிகள்.' செத்தவர்களுக்கு மட்டும் போடுகிற சொல். பஸ்ஸில் போனவர்கள் சாவுச் சேதியை நெய்யாற்றின்கரையில் கொண்டு சேர்த்தார்கள்.

ஆனந்தபாய் அம்பூரியிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்தாள். ஒரு நிமிட மௌன அஞ்சலிக்கு எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். அவளும் நின்றாள். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மெல்லக் கேட்டாள்.

"ஆருக்காக்கும் மக்கா?"

"கதை சொல்லுத ஒரு அம்மைக்கு. பாறசாலைக்காரி."

பாறசாலையில் தன்னை விட்டால் கதை சொல்ல வேறு யார் என்று யோசித்தாள். "பேரு?"

"ஆனந்தபாய். படம் வச்சிருக்கு, நானே பாத்தேன். கொஞ்சம் உங்க முகம்..." அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஓரடி விலகினாள்.

மௌனம் முடியும்வரை நின்றுவிட்டுத்தான் ஆனந்தபாய் மேடைக்குப் போனாள். விழாப் பொறுப்பாளர் கிருஷ்ணன்குட்டி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"கால் தரையிலதான் இருக்கு சாரே. எனக்க பத்து நிமிஷம் எங்க?"

"அது திருவாதிரைக்களி ஆடுத பெண்ணுங்களுக்குக் குடுத்தாச்சே."

"சரி, ஒரு நிமிஷம் எல்லாரும் எனக்காக நின்னாச்சு. பாக்கி ஒம்பது தாரும்."

அவர் மைக்கை நீட்டினார்.

செத்தவள் வந்திருக்கிறாள் என்று பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அவள் கட்டையைத் தட்டித் தொடங்கினாள். "ரூத்துக்க புருஷன் செத்துப்போனான்" என்றதும் மைதானமே சிரித்தது. அழவேண்டிய இடம் அது. அவள் கட்டையை நிறுத்திச் சிரிப்பு ஓயக் காத்திருந்தாள். அடுத்தும் சாவுதான் வரும், அடுத்தும் சிரிப்பார்கள்.

மீதிச் சாவுகளைச் சொல்லாமல் தாண்டிவிட்டாள். ரூத்தை நேராக வாற்கோதுமை வயலில் கொண்டு இறக்கினாள். வெயில். முன்னால் அறுக்கிறவர்கள். பின்னால் ஊர் தெரியாத ஒருத்தி, குனிந்து, சிந்திய கதிரைப் பொறுக்குகிறாள்; யாராவது விரட்டுவார்களோ என்று ஒரு கண் பின்னாலேயே.

சிரிப்பு இல்லை. எட்டிப் பார்த்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.