கரண்ட் எடுத்த படம்

“எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. நான் மூணு சொன்னதும் திறந்தா போதும்” என்று கத்திவிட்டு கேமராவில் கண்ணை வைத்தேன். எதிரே சலவைக்கூடத்தின் நாற்பது பெண்கள் மூன்று வரிசையாக இருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில், அடுத்தது அதன் பின்னால் நின்றபடி, கடைசி வரிசை துணி மடிக்கிற மேசைகளின் மேல். ஆஸ்பத்திரிகளும் ஹோட்டல்களும் அனுப்பும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போட்டு அனுப்புகிற இடம் அது. உலர்த்தும் இயந்திரங்களை நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரைச்சலில் நான் கத்தியது எனக்கே பாதிதான் கேட்டது. குரூப் போட்டோவில் யாராவது ஒருவர் சரியாக அந்த நொடியில் இமைத்துவிடுவார். எல்லோரையும் மூடச் சொல்லி ஒன்றாகத் திறக்க வைத்தால், ஓரிரு நொடிகளுக்கு யாரும் இமைக்க மாட்டார்கள். அண்ணன் சொல்லி அனுப்பிய வித்தை.

“ஒண்ணு” என்றேன். “ரெண்டு” என்றேன். கரண்ட் போய்விட்டது.

குழல்விளக்குகள் அணைந்தன. நான் கொண்டுபோயிருந்த இரண்டு குடை விளக்குகளும் அணைந்தன. இயந்திரங்கள் பெருமூச்சு விட்டபடி மெதுவாகச் சுற்றி நின்றன. பெண்கள் கண்ணைத் திறக்கவில்லை. நான் இன்னும் மூன்று சொல்லவில்லையே. வேலை நேரத்தில் அந்தக் கட்டடம் இவ்வளவு அமைதியாக இருந்து அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். இரைச்சலுக்கு எதிராக எந்நேரமும் தூக்கியே வைத்திருந்த தோள்கள் இறங்கின. போட்டோவுக்காக இறுக்கிப் பிடித்திருந்த உதடுகள் தளர்ந்தன. எல்லோரையும் அதட்டுகிற சூப்பர்வைசர் அம்மாவின் உள்ளங்கைகள் மடியில் தாமாக விரிந்தன. உயரத்து ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு முகமும் தனக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்றைக் கேட்பதுபோல் இருந்தது. என் விரல் அமுக்கியது. மறுபடியும் அமுக்கியது. அந்தச் சில நொடிகளில் நான் என்னென்ன செய்தேன் என்று அப்போதே யாராவது கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏம்மா, மூணு வருமா? இல்ல, அதுவும் கரண்ட்லதான் ஓடுதா?”

நாற்பது பேரும் கண்ணைத் திறந்து சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது, இரைச்சல் வந்தது, தோள்கள் மறுபடி ஏறிக்கொண்டன. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, முறைப்படி எண்ணி, எல்லாக் கண்களும் திறந்திருக்கிற பத்துப் படங்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று காலையில் விளக்கு ஸ்டாண்டைத் தூக்கக் குனிந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு படத்துக்காக இரண்டு ஷிப்ட் ஆட்களையும் வரவழைத்திருந்தார்கள், தள்ளிப்போட வழியில்லை. “எல்லாம் செட் பண்ணித் தர்றேன். நீ போய் அமுக்கிட்டு மட்டும் வா” என்று என்னை அனுப்பினான். படிப்பை நிறுத்தியதிலிருந்து நான் அவனுடைய ஸ்டூடியோவில்தான் இருக்கிறேன், ஆனால் கம்ப்யூட்டரின் முன்னால். அண்ணன் எடுத்துவருகிற குரூப் போட்டோக்களில் மூடியிருக்கிற கண்களை அடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டுவது என் வேலை. வித்தையெல்லாம் இருந்தும் படத்துக்கு நாலு பேராவது தப்பித்துவிடுவார்கள். அவர்களில் எத்தனை பேர் கண் இரவல் வாங்கிக்கொண்டு சுவரில் தொங்குகிறார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாடிக்கையாளர்கள் அண்ணனிடம், “உங்க கைராசி சார், ஒருத்தர் கண்ணுகூட மூடல” என்பார்கள். அவனும் அடக்கமாகத் தலையாட்டுவான்.

இனி கொஞ்ச காலத்துக்கு எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளி ஆர்டர்களுக்கு யாராவது வேண்டும். வேறு ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் ஒருவரை அழைக்கலாமா என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருந்தான். அந்த யாராவது நானாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். வாயால் கேட்பதைவிடப் படத்தைக் காட்டுவது எளிது என்று தோன்றியது.

வாடிக்கையாளர்கள் உட்காருகிற பெஞ்சில் அண்ணன் மல்லாந்து கிடந்தான். கண் திறந்த படங்களை முதலில் காட்டினேன். “ம், தேறும்” என்றான். பிறகு இருட்டில் எடுத்ததைக் காட்டினேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கியிருந்தேன், வேறு எதையும் தொடவில்லை. அண்ணன் லேப்டாப்பை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். அவன் அவ்வளவு நேரம் பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நீ எடுக்கல பாப்பா, கரண்ட் எடுத்துச்சு.”

“அமுக்கினது நான்தானேண்ணா?”

“பயத்துல விரல் பட்டிருக்கும். அதிர்ஷ்டத்தை வச்சு தொழில் பண்ண முடியாது. ஆர்டர் குடுக்கறவன்கிட்ட, கொஞ்சம் இருங்க சார், கரண்ட் போகட்டும்னு சொல்லுவியா?”

டீ கொண்டுவந்த அண்ணி, “அப்போ அவளுக்குக் குடுக்கற சம்பளத்தை கரண்ட் ஆபீஸ்ல கட்டிடுங்க” என்றாள்.

“நீ சும்மா இரு. இன்னொரு தடவை எடுத்துக் காட்டச் சொல்லு, ஒத்துக்கறேன்.”

அந்த வாரமே ஒரு வங்கிக் கிளையில் குரூப் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் நினைத்த ஆள் இன்னும் பிடி கொடுக்காததால் நானே போனேன். முறையான படங்களை முடித்துக்கொண்டு, குடை விளக்குகளை அணைத்து, எல்லோரையும் ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணை மூடச் சொன்னேன். ஒன்று, இரண்டு சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றேன். காசாளர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். மேனேஜர் ஊசி போட்டுக்கொள்பவரைப்போல் முகத்தைச் சுளித்தார். பின்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார்கள். பார்க்கப்படுகிறோம் என்பது ஒருவருக்கும் மறக்கவில்லை. திரும்பி வருகிற பேருந்தில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அண்ணன் சொன்னது சரிதான், சலவைக்கூடத்தில் எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். அதை ஒப்புக்கொண்டதும் வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. மழையை நான் வரவழைக்கவில்லை என்பதற்காக அதில் நனைந்தது நானில்லை என்று ஆகிவிடாது. வங்கிப் படத்தை ஒளிக்காமல் அண்ணனிடம் காட்டினேன்.

“பாத்தியா?” என்றான். குரலில் கேலிகூட இல்லை, நிம்மதிதான் இருந்தது. “நாளைக்கே அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசிடறேன். நீ கண்ணு ஒட்டற வேலையைப் பாரு. அதுல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.”

மறுநாள் காலை சலவைக்கூடத்திலிருந்து ஒரு அக்கா படங்களை வாங்கிக்கொண்டு போக வந்தார். அங்கே பெட்டி போடுகிறவர். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். அந்த இருட்டுப் படத்தை எனக்காக ஒரு பிரதி போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். அவர் உறையை வாங்குவதற்கு முன்பே அதைக் கையில் எடுத்துவிட்டார். ஒவ்வொருவராக விரலால் தொட்டுக்கொண்டே போனவர் வலது ஓரத்துக்கு வந்ததும் நின்றார்.

“இது நானா?”

“நீங்கதான்க்கா.”

“நான் எப்படிம்மா விழுந்தேன் இதுல? வருஷா வருஷம் தூணுக்குப் பின்னாடிதான் நிப்பேன். என் மூஞ்சி போட்டோவுக்கு ஒத்துவராது. உங்க அண்ணன் படத்துல எதுலயாச்சும் என்னைப் பாத்திருக்கியா? முழங்கைதான் வரும்.” அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. “எங்கம்மா ஜாடை அடிக்குது. இத்தனை நாள் யாரும் சொல்லலையே.” பிறகு பெஞ்சில் கிடந்த அண்ணனைப் பார்த்து, “சார், இதுல எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. மத்ததெல்லாம் சூப்பர்வைசர் அம்மாவுக்கு” என்றார்.

அவர் போன பிறகு அண்ணன் முனகியபடி பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தான். பிறகு லேப்டாப்பைக் கேட்டான். அன்று எடுத்தவற்றை முதலிலிருந்து தட்டினான். இருட்டில் மொத்தம் மூன்று இருந்தன. முதலாவதில் தூணும் ஒரு முழங்கையும். இரண்டாவது கலங்கியிருந்தது. மூன்றாவதில் தூண் வரிசையை விட்டு ஒதுங்கி நிற்க, அந்த அக்கா முழுதாக, முகத்தில் ஜன்னல் வெளிச்சத்தோடு நின்றிருந்தார்.

“ஸ்டாண்ட்லேர்ந்து கழட்டினியா?”

அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. இயந்திரங்கள் அடங்கிய அந்த நேரத்தில் என் கை திருகைத் தேடியதும், கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்ததும், நாற்காலிக் கால் ஒன்றில் இடித்துக்கொண்டதும். ஐந்தாறு நொடிகள் இருந்திருக்கும்.

“ஆமாண்ணா.”

“எதுக்கு?”

“அவங்க முழங்கை மட்டும் தெரிஞ்சுது.”

முதல் படத்துக்கும் மூன்றாவதுக்கும் மாறி மாறிப் போய்வந்தான். தூண் வந்தது, போனது, வந்தது, போனது. அண்ணி அவன் தலைமாட்டில் நின்று பார்த்துவிட்டு, “கரண்ட்டுக்குக் காலும் உண்டு போலிருக்கு” என்றாள். “ஏங்க, உங்க கைராசியை யாரு உக்காந்து ஒட்டறான்னு அந்த அக்காகிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லேன், ஊரைக் கூட்டி தண்டோரா போடு” என்றான் அண்ணன். ஆனால் சிரித்துவிட்டான். சிரித்ததில் முதுகு சுளுக்கி, “அம்மா” என்று கத்தினான். அன்று அவன் யாருக்கும் போன் செய்யவில்லை.

அடுத்த ஆர்டர் படகுத்துறையில். பயணிகள் படகுகளில் வேலை செய்கிறவர்களை ஆற்றுப் படிக்கட்டில் உட்காரவைத்து எடுக்க வேண்டும். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அண்ணனும் வந்திருந்தான். கேமராப் பை என் தோளில் இருந்தது. அவன் வழக்கம்போல ஆட்களை உயரவாரியாக அமர்த்தினான், தொப்பிகளைச் சரிசெய்தான், ஒருவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். படிக்கு எதிரே தண்ணீரில் நீண்டிருந்த மரமேடையில் நான் நின்றேன். எல்லாம் ஒழுங்காக அமைந்து, எல்லோரும் விறைப்பாக என்னைப் பார்த்த நேரத்தில், நடு ஆற்றில் பெரிய படகு ஒன்று திரும்பியது. அதன் அலை கரையை நோக்கி உருண்டு வந்தது.

“நில்லு, நில்லு! அலை போகட்டும் பாப்பா!” என்று அண்ணன் கையை ஆட்டினான்.

கீழ்ப்படியில் தண்ணீர் ஏறியது. முன்வரிசை ஆட்கள் ஒரே நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பற்றினார்கள். மேல்வரிசை குனிந்து அவர்களின் சட்டையைப் பிடித்தது. பருத்த மாலுமி ஒருவர், தன்னை விட்டு மிதந்து போகிற ஒற்றைச் செருப்பை நோக்கி, அது பெயர் சொன்னால் திரும்பும் என்பதுபோல், கையை நீட்டினார். நான் மேடையிலிருந்து இறங்கியிருந்தேன். முழங்கால் வரை தண்ணீர். கேமராவைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு செருப்பு வருகிற பக்கமாக ஓரடி நகர்ந்தேன்.