நரம்பா, ஓமோனா?

பத்மாவதி யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்றொழிலியல் படிப்பிப்பவர். இங்கிலாந்தில் நாலு வருடம் எலிகளோடு மல்லுக்கட்டிக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். மூளையில் இருக்கும் பெப்ரைட் என்ற சிறு புரதத் துணுக்கு ஒன்றை எலியின் மூளைக்குள் துளியளவு செலுத்தினால் இரத்த அழுத்தம் ஏறும். அது நரம்பு வழியாகத்தான் ஏறுகிறது என்பது அவருடைய முடிவு. அதை நம்பியே அங்கிருந்த பேராசிரியர் ஒரு வேலையை ஒதுக்கிவைத்து, எப்போது வருகிறாய் என்று கடிதம் போட்டிருந்தார்.

ஆனால் ஒரு சந்தேகம் அவரை விடவில்லை. மூளையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஓமோன் ஒன்றும் அழுத்தத்தை ஏற்றவல்லது. அதை மருந்தால் தடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அதைச் செய்யாமல் விட்டிருந்தார்.

அது 1991. போரால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. இரத்த அழுத்தத்தைப் பதியும் மின் இயந்திரம் துணி போர்த்திக் கிடந்தது. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பெப்ரைட் குப்பியை மட்டும் தெரிந்த ஒருவரின் மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்திருந்தார்கள். ஒரு திங்கள் காலை ஆய்வுகூட உதவியாளர் யாகப்பு அதைக் கையில் பொத்திக்கொண்டு வந்தார்.

"டொக்டர், மண்ணெண்ணெய் முடிஞ்சுதாம். இது உருகிப் போச்சு."

உருகியது நாளைவரை தாங்காது.

"இண்டைக்கே செய்யவேணும், யாகப்பு அண்ணை. கரண்ட் இல்லாமல் என்னெண்டு?"

"அலுமாரிக்கை பழைய உருளை கிடக்கு. சாவி குடுத்தால் சுத்தும். தாளுக்கு நான் கரி பிடிச்சுத் தாறன்."

குருநகர்க் கத்தோலிக்கரான யாகப்பு சைவக் கோயில் கடையில் கற்பூரம் வாங்கிவந்து கொளுத்தி, அந்தப் புகையிலேயே தாளைக் கறுப்பாக்கி உருளையில் சுற்றினார். எலியின் அழுத்தம் ஏறி இறங்குவதை ஓர் ஊசி அந்தக் கரியில் கோடாகக் கீறும்.

ஆயத்தப்படுத்திய எலிகள் இரண்டே மிச்சம். மயக்கத்தில் கிடந்த முதல் எலிக்குப் பெப்ரைட் ஏறியதும் ஊசி கரியைக் கீறிக்கொண்டு மேலே போனது. இரண்டாவதற்கு முதலில் ஓமோனைத் தடுக்கும் மருந்து, பிறகு பெப்ரைட். ஊசி ஏறவே இல்லை. பெப்ரைட் கெட்டுவிட்டதோ என்று மறுபடி முதல் எலிக்குச் செலுத்தினார். ஏறியது. அப்படியென்றால் அழுத்தத்தை ஏற்றியது நரம்பல்ல, ஓமோன்தான்.

பத்மாவதி கதிரையில் இருந்துவிட்டார்.

"பிழைச்சுப் போச்சோ, டொக்டர்?"

"இல்லை அண்ணை. எலி சரியாத்தான் சொல்லுது. நான்தான் பிழையா எழுதிப்போட்டன்."

இதைச் சொல்லாமல் இருந்தால் வேலை கைக்கு வரும். அந்த எண்ணம் மூன்று நாள் அவரைச் சுற்றிச்சுற்றி வந்தது. நாலாம் நாள் பேராசிரியருக்கு, ஒரேயொரு எலியில் கண்டதுதான் என்றாலும் என் முடிவு பிழையாக இருக்கலாம், தயவுசெய்து செய்து பாருங்கள் என்று எழுதி, கடலேரியைத் தாண்டும் கொம்படிப் பாதையால் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பேராசிரியர் ஆறு எலிகளில் செய்து பார்த்திருந்தார். ஆறிலும் அதே முடிவு. திருத்தத்தை இருவர் பெயரிலும் வெளியிடுவதாக எழுதியிருந்தார். ஆனால் அந்த வேலை நரம்பு ஆய்வுக்கென்று கிடைத்த நிதியில் வந்ததாம். இனி அது இல்லை.

"அப்ப நீங்கள் போகேல்லையோ?" என்று யாகப்பு மெதுவாகக் கேட்டார்.

"இல்லை."

அன்று மத்தியானம் பத்மாவதி சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் வந்து, காலியாய்க் கிடந்த எலிக்கூடுகளைத் தானே கழுவத் தொடங்கினார். "வளக்கிறதுக்கு ஒரு சோடி எங்கையாவது எடுக்கலாமோ, அண்ணை?" என்றார்.

"ஓம், விசாரிச்சுப் பாக்கிறன்" என்று யாகப்பு சைக்கிளை எடுத்தார்.