எதிர்ப்பக்கத்துப் பிள்ளை

அந்த ஞாயிற்றுக்கிழமை லுசுங்கு டீச்சர் சோளக்கஞ்சிகூடக் குடிக்காமல் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பயமாவது ஒன்றாவது! இன்றைக்குச் சபை மூப்பர் சிப்பேட்டாவின் வாயை அடைக்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

விஷயம் இதுதான். மலாவி ஏரிக்கரையில் இருக்கும் அந்த மிஷன் பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் ஒரு மணி நேரம் கதைப் புத்தகம் வாசிக்க விட்டாள். அறுபது பிள்ளைகளுக்கு ஐந்தே புத்தகம். பள்ளிக் கமிட்டித் தலைவரான மூப்பருக்கு இது கண்ணை உறுத்தியது. கிளிப்பிள்ளை மாதிரி கத்துகிறதுகள், இதற்குப் பேர் வாசிப்பா, அந்த நேரத்தில் பள்ளித் தோட்டத்தில் களை எடுக்கட்டும் என்றார். லுசுங்குவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் வகுப்புப் பிள்ளை ஒன்றைச் சபை முன்னால் நிறுத்துகிறேன், வேதாகமத்தில் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் திறந்து கொடுங்கள், வாசிக்காவிட்டால் கதை நேரத்தை நானே நிறுத்திவிடுகிறேன் என்று சவால் விட்டுவிட்டாள். எழுத்தைக் கொடுத்தவர் கர்த்தர், அவர் கைவிடுவாரா என்ன?

எந்தப் பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை. தவோங்கா, மீன்காரியின் மகள், ஒன்பது வயது. ஒரு புத்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் முட்டி மோதி உட்கார்ந்து வாசித்தாலும் முதலில் எழும்புவது அவள் குரல்தான்.

மூப்பர் மட்டும் லேசுப்பட்டவரா? எருசலேம் மதிலை யார் யார் கட்டினார்கள் என்று ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறதே, போதகரே பார்த்தால் தாண்டிப் போகிற பகுதி, அதைத் தேடித் திறந்து பீடத்தில் வைத்தார்.

தவோங்கா ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். வாயைத் திறந்தாள். ஒரு எழுத்து வந்தது, அடுத்தது தொண்டையில் சிக்கியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். லுசுங்குவுக்கு உயிரே போய்விட்டது. ஆண்டவரே, இது என்ன சோதனை!

அப்போது அந்தப் பெண் வேதாகமத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். சபை முழுக்க ஐயையோ என்றது. பரிசுத்த வேதத்தைக் கவிழ்க்கிறாளே, டீச்சர் சொல்லிக்கொடுத்த லட்சணம் இதுதானா என்று மூப்பர் பாய்ந்து வந்து அதை நேராக்கினார்.

லுசுங்குவுக்குப் பளிச்சென்று பட்டது. தவோங்கா வகுப்பில் எங்கே உட்காருவாள்? அம்மாவோடு மீன் காயப்போட்டுவிட்டுக் கடைசி ஆளாக ஓடி வருவாள். அதற்குள் புத்தகத்துக்கு நேர்ப்பக்கம் நிறைந்துவிடும். மூன்று வருஷமாக அவளுக்கு எதிர்ப்பக்கம்தான். கரும்பலகையோ பெயிண்ட் உதிர்ந்து கணக்குக்கு மட்டும்தான் ஆகும். அவள் கண் பழகிய எழுத்தே தலைகீழ் எழுத்து! அடிப்பாவி, காதால் கேட்டாயே தவிர, ஒருநாளாவது அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்து ஓடினாள். வேதாகமத்தைத் தூக்கித் திருவிருந்து மேசைமேல் விரித்தாள்.

"மூப்பரே, நீங்க நேர்ப்பக்கம் நின்னு வரிவரியா விரலை வெச்சுக்கிட்டே வாங்க. அவ எதிர்ல நின்னு வாசிக்கட்டும். ஒரு பேரு தப்பினாலும் கதை நேரம் இன்னையோட சரி."

தவோங்கா வாசித்தாள். அப்பா, என்ன வாசிப்பு! வாயில் நுழையாத பெயர்களெல்லாம் கடகடவென்று வந்து விழுந்தன. மூப்பரின் விரல் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடியது. இருந்தாற்போல் அவள் நிறுத்திவிட்டாள். லுசுங்கு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏன் நின்னுட்ட?" என்றார் மூப்பர்.

"உங்க விரல் ஒரு வரியை விட்டுட்டுப் போயிருச்சு, மூப்பரய்யா. வரட்டும்னு நிக்கிறேன்."

கோயிலே சிரித்துக் குலுங்கியது. பின்வரிசைப் பெண்கள் குலவை விட்டார்கள். மூப்பர் குனிந்து பார்த்து விரலை ஒரு வரி மேலே ஏற்றினார். கடைசிப் பெயர் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"கதை நேரம் இருக்கட்டும் டீச்சர். களையை நாங்க எடுத்துக்கறோம்."

திங்கட்கிழமை லுசுங்கு எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். நாலு வார்த்தை தாண்டுவதற்குள் நாக்கு குழறியது, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தப் பக்கம் இருந்தால்தான் வாசிக்க வரும் என்பவர்கள் யார் யார் என்று கேட்டாள். பதினெட்டுக் கைகள் எழுந்தன.

பிறகு ஐந்து புத்தகங்களையும் எதிர்ப்பக்கத்துக்கு நேராக இருக்கும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். வகுப்பே முதல் நாள் மாதிரி எழுத்துக்கூட்ட ஆரம்பித்தது. நேர்ப்பக்கத்தில் இருந்த கெட்டிக்காரப் பையன் தடுமாறினான், தவோங்காவும் தடுமாறினாள். அவ்வளவு சந்தோஷமான இரைச்சலை லுசுங்கு அதுவரை கேட்டதே இல்லை.